பாத்ரூம் டைல்ஸ்: 4 அடியா, 7 அடியா, சீலிங் வரையா? காசு போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு!

"சீலிங் வரைக்கும் ஒட்டிடலாம்ணே... சிமென்ட்டுக்குத்தான் வரி குறைஞ்சிருச்சுல்ல. மிச்சமாகுற காசை இங்க போடுங்க. ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கும்!"

மதுரையில் எங்கள் வீட்டுக்கு மேலே மாடி எடுக்கும் வேலை நடக்கிறது. டைல்ஸ் மேஸ்திரி அப்பாவிடம் சொன்னது இது. அப்பா தலையாட்டினார். அம்மா மட்டும் படிக்கட்டில் நின்றபடியே கேட்டார். "ஒட்டுறது சரி. அம்புட்டு உயரத்துக்கு யாரு ஏறித் தொடைக்கிறது? என்னையத்தான ஸ்டூலைப் போட்டு ஏறச் சொல்லுவீங்க?"

லோன் என் பெயரில். அதனால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "நீதான பத்திரிகையில இருக்க, விசாரிச்சுச் சொல்லு" என்றார் அப்பா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கலாம். அப்பா-அம்மா ஊரில் வீடு கட்டுவார்கள், EMI நம் அக்கவுன்ட்டில் போகும், ஐடியா மட்டும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலிருந்து வரும். தரையிலிருந்து சீலிங் வரை பளபளக்கும் பெரிய டைல்ஸ், நடுவில் ஒரு கறுப்பு ஷவர். பார்க்க அழகுதான். ஆனால், அந்த உயரத்துக்கு உண்மையிலேயே அவசியம் இருக்கா?

வரி எதுக்குக் குறைஞ்சது?

முதலில் மேஸ்திரி சொன்ன வரிக் கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது உண்மை. ஆனால், செராமிக் டைல்ஸுக்கு அன்று எதுவும் மாறவில்லை. அது 2017 நவம்பரிலேயே 28-லிருந்து 18 சதவிகிதத்துக்கு வந்து, அங்கேயே நிற்கிறது. அதாவது, டைல்ஸ் ஒன்றும் புதிதாக மலிவாகிவிடவில்லை.

சிமென்ட்டில் எவ்வளவு மிச்சம்? பழைய வரியோடு 350 ரூபாய்க்கு விற்ற மூட்டை என்றால், வரிக் குறைப்பு முழுசாக நம் கைக்கு வந்தால் சுமார் 27 ரூபாய் குறையும். 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூட்டை சிமென்ட் என்பது கொத்தனார்கள் போடும் பொதுவான கணக்கு. ஆக, மொத்த மிச்சம் 10,800 ரூபாய்.

இப்போது பாத்ரூம். 5 அடிக்கு 8 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஊரில் சாதாரண அளவு. நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி. இரண்டரை அடி கதவையும் ஒரு சின்ன வென்டிலேட்டரையும் கழித்தால்...

- 4 அடி உயரத்துக்கு: 94 சதுர அடி
- 7 அடி உயரத்துக்கு: சுமார் 162 சதுர அடி
- ஒன்பதரை அடி சீலிங் வரை: சுமார் 227 சதுர அடி

டைல்ஸ், பசை, கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 120 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 4 அடிக்கு 11,280 ரூபாய், 7 அடிக்கு 19,440 ரூபாய், சீலிங் வரை 27,240 ரூபாய். உங்கள் ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

7 அடிக்கு மேலே இருக்கும் அந்த இரண்டரை அடிக்கு மட்டும் 7,800 ரூபாய். இரண்டு பாத்ரூம் என்றால் 15,600. சிமென்ட்டில் மிச்சமான 10,800 அப்படியே போய், கையிலிருந்து இன்னும் 4,800 போட வேண்டும். சாரம் கட்டி மேலே ஏறி ஒட்டுவதற்குத் தனிக் கூலி கேட்டால் அது வேறு.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்குத் தரப்படுவது 3.5 லட்சம் ரூபாய். அப்படி எண்ணி எண்ணிக் கட்டுகிற குடும்பத்துக்கு 7,800 ரூபாய் சின்னத் தொகை இல்லை. EMI கட்டுகிற நமக்கும்தான்.

வாளி, ஷவர், கீசர்

சரி, இந்த 4 அடி, 7 அடி கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? நாம் குளிக்கிற விதத்திலிருந்துதான்.

வாளியில் தண்ணீர் பிடித்து, குத்த வைத்தோ, முக்காலியில் உட்கார்ந்தோ மொண்டு ஊற்றிக் குளித்த காலத்தில் தண்ணீர் தெறித்தது இடுப்பு, மார்பு உயரத்துக்குத்தான். அதற்கு 4 அடி போதும். 1998-ல் கட்டிய எங்கள் கீழ்வீட்டு பாத்ரூமில் 4 அடிக்கு வெள்ளை டைல்ஸ்தான். அன்றைக்கு அது தப்பே இல்லை.

அப்புறம் ஷவர் வந்தது. ஷவர் குழாய் ஆறரை, ஏழு அடியில் நிற்கிறது. நின்றபடி குளிக்கும்போது தலையிலும் தோளிலும் பட்டுத் தெறிக்கிற தண்ணீர் 6 அடி உயரச் சுவரை நனைக்கும். அதற்கு விடைதான் 7 அடி. நம்ம வீடுகளில் கதவு நிலையின் மேல்மட்டமும் லிண்டலும் அந்த 7 அடியில்தான் இருக்கும். டைல்ஸும் அதே கோட்டில் முடிந்தால் கண்ணுக்கும் ஒழுங்காக இருக்கும். பாத்ரூமுக்கு மேலே பரண் இருக்கிற வீடுகளில் அந்தப் பரணும் பெரும்பாலும் 7 அடியில்தான் வரும். அங்கே 7 அடியே சீலிங்தான், சண்டையே இல்லை.

மூன்றாவதாக வந்தது கீசர். கீசர் கொண்டுவந்தது நீராவியை. 7 அடிக்கு மேலே தண்ணீர் தெறிக்காது, ஆனால் ஆவி போகும். இங்கேதான் "அப்போ சீலிங் வரை ஒட்டினாத்தானே நல்லது?" என்ற கேள்வி வருகிறது.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டினாலும், சீலிங்குக்கு ஒட்டப்போவதில்லை. ஆவி நேராக அங்கேதான் போய் உட்காரும். வெளியே போக வழி இல்லையென்றால், டைல்ஸில் முத்து முத்தாகக் கோத்து வழியும், சீலிங் பெயின்ட்டில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஆவிக்கு மருந்து டைல்ஸ் இல்லை, காற்று. வென்டிலேட்டரும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் அந்த வேலையைச் செய்யும். ஃபேனை முடிந்தவரை உயரத்தில், கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் வையுங்கள். கதவுக்கு அடியில் காற்று நுழைய சின்ன இடைவெளி விடுங்கள். குளித்து முடித்த பிறகும் ஒரு கால் மணி நேரம் ஃபேன் ஓடட்டும்.

எங்க வீட்டுச் சுவர் சொன்ன பாடம்

எங்கள் கீழ்வீட்டு பாத்ரூமுக்கு அடுத்த பக்கம் பெட்ரூம். அந்தச் சுவரில் பல வருடமாக ஓதம். பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் பொருக்குத் தட்டி உதிரும். "அன்னைக்கே 7 அடிக்கு ஒட்டியிருந்தா இந்தத் தொல்லை வந்திருக்காது" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

மாடி வேலையோடு சேர்த்து கீழ் பாத்ரூமையும் உடைத்துப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. அங்கே இருந்தது இரண்டு வியாதி. பாத்ரூமுக்குள், 4 அடிக்கு மேலே, பின்னாளில் வைத்த ஷவருக்கு நேர் எதிரே பூச்சு ஊறிப் போயிருந்தது. இது உயரம் போதாததால் வந்தது, அப்பா சொன்னது சரி. ஆனால், பெட்ரூம் பக்கம் ஓதம் அடித்தது தரையிலிருந்து இரண்டடிக்குள்தான். டைல்ஸ் ஒட்டியிருந்த பகுதிக்கு நேர் பின்னால்! தரையும் சுவரும் சேருகிற மூலை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அங்கே சீலிங் வரை ஒட்டியிருந்தாலும் ஓதம் வந்தே தீர்ந்திருக்கும்.

நம்மில் பலர் தவறாக நினைப்பது இதைத்தான். டைல்ஸ் வாட்டர்ப்ரூஃபிங் கிடையாது. டைல்ஸின் மேல் கிளேஸ் தண்ணீரை விடாது, உண்மை. ஆனால், இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற சாதாரண சிமென்ட் கிரௌட் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். உப்புக்கறை போக ஆசிட் ஊற்றித் தேய்க்கிற வீடுகளில் அந்த கிரௌட் அரித்துப்போய் இன்னும் சீக்கிரம் வழி விடும். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் பூசப்படும் வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங்தான்.

அது தரை முழுக்க வர வேண்டும். எல்லாச் சுவரிலும் குறைந்தது ஒரு அடி ஏற வேண்டும். ஷவர் சுவரில் மட்டும் 6, 7 அடி வரை போக வேண்டும். பூசிக் காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து 24 முதல் 48 மணி நேரம் தரையில் தண்ணீர் தேக்கி வைத்துப் பாருங்கள். கீழ்த்தளத்திலோ, பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரியவில்லை என்றால் பாஸ். "அதெல்லாம் தேவையில்லைங்க, நான் கலந்து பூசிடுறேன்" என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரீல்ஸ்ல காட்டாத 15 கிலோ

நாட்டில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. முன்பு பாத்ரூம் சுவருக்கு 12-க்கு 18 இன்ச், அப்புறம் ஒன்றுக்கு இரண்டடி. இப்போது கடைகளில் முன்னால் நிறுத்தி வைத்திருப்பது இரண்டுக்கு நான்கடி விட்ரிஃபைடு டைல்ஸ். 9 மில்லிமீட்டர் கனம் என்றால், ஒன்றே ஒன்று சுமார் 15 கிலோ இருக்கும். ஒரு தண்ணீர் கேனைவிடச் சற்றுக் குறைவு. அதை உங்கள் தலைக்கு மேலே 8, 9 அடி உயரத்தில் ஒட்டப் போகிறோம்.

செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அதனால் சிமென்ட் பாலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சுவது 0.5 சதவிகிதத்துக்கும் குறைவு. வெறும் சிமென்ட்டை ஐந்தாறு இடத்தில் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டினால், ஒட்டின மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெறுமையாகச் சத்தம் கேட்கும். சில வருடத்தில் சுவரை விட்டுப் பெயர்ந்து வரலாம். உள்ளே குளித்துக்கொண்டிருப்பது குழந்தையாகவும் இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம்.

அதனால் பெரிய டைல்ஸ் என்றால் டைல் அட்ஹெசிவ் கட்டாயம். பையின் மேல் ஐ.எஸ் 15477 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். டைல் பசைக்கான இந்தியத் தரநிலை அது. பல் கரண்டியால் சுவரில் முழுசாக இழுத்துத் தடவ வேண்டும், உருண்டை வைக்கக் கூடாது. இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்கிற நிலைமை என்றால், உயரத்தைக் குறையுங்கள், பசையைக் குறைக்காதீர்கள்.

அப்போ சீலிங் வரை ஒட்டவே கூடாதா?

அப்படி இல்லை. சில இடங்களில் அதுதான் சரி.

சீலிங்கோ, ஃபால்ஸ் சீலிங்கோ 8 அடிக்குள் இருந்தால், மிச்சமிருக்கும் ஒரு அடிக்காக ஏன் தனியாகப் பூசி பெயின்ட் அடிக்க வேண்டும்? முழுசாக ஒட்டிவிடுங்கள். ஷவருக்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன மூலை என்றால், அந்த இரண்டு சுவரை மட்டும் மேலே வரை கொண்டுபோகலாம். நான்கு சுவரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜன்னலே வைக்க முடியாத பாத்ரூம் என்றால் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வழி பண்ணுங்கள், அப்புறம் டைல்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லாவற்றையும் செய்த பிறகும் கையில் காசு இருக்கிறது, பார்க்க அழகாக வேண்டும் என்றால், தாராளமாக ஒட்டுங்கள். அது உங்கள் வீடு, உங்கள் ரசனை. ஆனால், அழகுக்காக ஒட்டுகிறோம் என்று தெரிந்து ஒட்டுங்கள். 'ஓதம் வராது' என்று நம்பி ஒட்டாதீர்கள்.

ஃப்ளாட் வாங்குறீங்களா?

ஃப்ளாட்டில் மேல்வீட்டு பாத்ரூம் குழாய்கள் உங்கள் பாத்ரூம் சீலிங்குக்குக் கீழேதான் ஓடும். அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடுவார்கள். அதற்கு மேலே டைல்ஸ் ஒட்டினால் அதைப் பார்ப்பது பல்லி மட்டும்தான். அந்த ஃபால்ஸ் சீலிங்கில் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு மூடி இருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே குழாய் ஒழுகினால் மொத்தத்தையும் உடைக்க வேண்டியிருக்காது.

விளம்பரத்தில் 'பிரீமியம் டைல்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், எத்தனை அடி உயரம், எந்த அளவு டைல்ஸ் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, சொன்ன தர விவரங்களின்படிதான் பில்டர் கட்டித்தர வேண்டும். சாவி வாங்கிய 5 வருடத்துக்குள் வேலைத்தரத்தில் குறை இருப்பதைச் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் கூடுதல் காசு கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். டைல்ஸ் பெயர்வதும் ஓதம் அடிப்பதும் இந்தக் கணக்கில் கேட்கக்கூடிய விஷயங்கள்தான். எழுத்தில் புகார் கொடுங்கள், தேதி போட்டு போட்டோ எடுத்து வையுங்கள்.

வாடகை வீட்டில் 4 அடி டைல்ஸோடு மல்லுக்கட்டுகிறீர்களா? ஷவருக்கு ஒரு திரை போடுங்கள், இல்லையென்றால் கையில் பிடிக்கிற ஷவருக்கு மாறுங்கள். தெறிக்கிற உயரம் குறைந்தாலே பாதிப் பிரச்னை தீரும். பெயின்ட் உதிர்ந்தால் கழிப்பது உங்கள் அட்வான்ஸிலிருந்துதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மேஸ்திரி வர்றதுக்கு முன்னாடி...

7 அடி என்று முடிவு செய்துவிட்டால், பூச்சு வேலைக்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் டைல்ஸ் முடிகிற இடத்தில் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதில் தூசியும் ஈரமும் சேரும், அதைத் தினமும் துடைக்கப்போவது வீட்டில் இருக்கிற ஒருவர்தான். டைல்ஸ் வருகிற பகுதியில் பூச்சை உள்ளே தள்ளியும், அதற்கு மேலே வெளியே எடுத்தும் பூசினால் இரண்டும் ஒரே மட்டத்தில் வந்து சேரும்.

வாங்கப்போகிற டைல்ஸின் அளவை வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள். ஒன்றுக்கு இரண்டடி டைல்ஸின் உண்மையான அளவு 300-க்கு 600 மில்லிமீட்டர். படுக்கவைத்து 7 வரிசை ஒட்டினால் கிட்டத்தட்ட 6 அடி 11 இன்ச். கதவு நிலைக்கு அருகில் வெட்டாமலே போய் நிற்கும். அதையே நிற்கவைத்து ஒட்டினால் மூன்றரை வரிசை வரும், ஒரு வரிசையைப் பாதியாக வெட்ட வேண்டும்.

டைல்ஸுக்கு மேலே வருகிற சுவரில் பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் அடியுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெட்டியைக் கூடுதலாக வாங்கி பரணில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு குழாய்க்காகச் சுவரை உடைக்க நேர்ந்தால், அதே டிசைன் கடையில் இருக்காது.

எங்கள் வீட்டில் என்ன முடிவாச்சு? 7 அடி. மாடியின் இரண்டு பாத்ரூமிலும், கீழ்வீட்டிலும். சீலிங் வரை போகாததால் மிச்சமான காசில் ஷவர் சுவர்களுக்கு முழு வாட்டர்ப்ரூஃபிங், ஆளுக்கொரு எக்ஸாஸ்ட் ஃபேன், கீழ்வீட்டு பாத்ரூமில் சுவரோடு ஒரு கைப்பிடி. கடைசியாகச் சொன்னது அம்மாவுக்கு. முட்டி வலியோடு வழுக்குகிற தரையில் நிற்பவருக்கு, 9 அடி உயரத்தில் இருக்கிற டைல்ஸ் எதற்கு உதவும்? மூன்றடி உயரத்தில் இருக்கிற பிடிதான் உதவும்.

தண்ணீர் தேக்கி வைத்த இரண்டு நாளும் அப்பா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக பெட்ரூம் சுவரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. மேஸ்திரிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. "நல்லாத்தாண்ணே இருந்திருக்கும்..." என்று மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அம்மா சொன்னார்: "இருந்திருக்கும் தம்பி. நீங்க வாரம் ஒருக்கா வந்து தொடைச்சுக் குடுக்கிறதா இருந்தா இப்பவும் ஒட்டிரலாம்."